தரணிவேல் துரை உபயம்

தம்பி,

உன் கார்டு நேற்று வந்தது. "அதை அவள் கையிலிருந்து கழற்றிவிட்டு எழுதுங்கள். வருகிறேன்." அவ்வளவுதான், கீழே கையெழுத்து. உனக்கு மகள் பிறந்திருக்கிறாள் என்று நான் கொடுத்த தந்திக்கு வந்த பதில் இது. தபால்காரர் அதைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதனால் நானும் இதை ஒளித்து எழுதப் போவதில்லை. மெட்ராசில் உன் அறையில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் படிக்கட்டும். நேரில் நான் பேசுவது கம்மி என்று உனக்குத் தெரியும். எழுத உட்கார்ந்தால் நிறுத்தமாட்டேன் என்பதும் தெரியும். பட்டாளத்தில் லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு உன் அம்மாவுக்கு எழுதி எழுதி வந்த பழக்கம்.

வசந்தா நன்றாக இருக்கிறாள். குழந்தைக்கு உன் காது. வலது காது மடல் உனக்கு மடங்கியிருப்பதைப் போலவே மடங்கியிருக்கிறது. உன் அம்மா அதை நிமிர்த்தப் பார்த்துத் தோற்றுப்போனாள். உனக்கும் இப்படித்தான் மூன்று மாதம் முயன்றாளாம்.

உன் நண்பர்களுக்கு விஷயம் தெரியாது என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். நம் வீட்டில் ஒரு வெள்ளி அம்மன் உண்டு. பழைய முழு ரூபாயைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கம் கொண்டை போட்ட பெண் முகம். மறுபக்கம் ஒரு பெண் முழு உருவமாக நிற்கிறாள். தலையில் கிரீடம், ஒரு கையில் கேடயம், நீட்டிய கையில் மாலை, அவளுக்குப் பின்னால் ஒரு சிங்கம். சிங்கத்தோடு நிற்பவளை அம்மன் என்று சொல்லாமல் நம் ஊரில் வேறு என்ன சொல்வார்கள்? சிங்கத்தம்மன் என்று பெயர் வைத்து, மஞ்சளும் குங்குமமும் பூசி, சாமி மாடத்தில் வைத்துவிட்டார்கள். நம் வீட்டுப் பெண்ணுக்குத் தலைப்பிரசவ வலி எடுத்தால், மாமியார் அதை மஞ்சள் கயிற்றில் கோத்து இடது கையில் கட்டுவாள். பிள்ளை பிறந்த பிறகு புருஷன் வந்து தன் கையால் அவிழ்க்க வேண்டும். வேறு யாரும் அந்த முடிச்சைத் தொடக்கூடாது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். மலையிலிருந்து இறங்கி வந்துகூட வாங்கிப் போயிருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் அதே வழக்கம்தான்.

போன வருஷம் நீ லீவில் வந்தபோது அதைப் புளி போட்டுத் தேய்த்தாய். விளிம்பில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனாய். சரித்திரம் படிக்கிற பிள்ளை, சும்மா விடுவாயா? நூலகத்தில் உட்கார்ந்து துருவியெடுத்து எட்டுப் பக்கத்துக்கு எழுதினாய். அது அம்மன் இல்லை, ராணுவப் பதக்கம். முகம் விக்டோரியா ராணியுடையது. சிங்கத்தோடு நிற்பவள் பிரிட்டானியா என்று அவர்கள் நாட்டுக்கு வைத்த உருவம். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழில் வடக்கே சிப்பாய்கள் எழுந்தபோது அவர்களை அடக்கப் போனவர்களுக்குக் கொடுத்தது. வாங்கியவன் பெயர் லெப்டினன்ட் டார்ன்வெல். மீசை சரியாக முளைக்காத வயதில் மதராஸ் பட்டாளத்துக்குக் கப்பலேறி வந்தவன். பர்மா சண்டைக்குப் போய் ஒரு பதக்கம், வடக்கே போய் இன்னொன்று. அதற்குப் பிறகு வேலூர், திருச்சி, ரோடு போடுகிற இடம், மறுபடி வேலூர். மேலே இருப்பவன் செத்தால்தான் கீழே இருப்பவனுக்கு உயர்வு என்கிற வரிசையில் நின்று நின்று, தலை நரைத்த பிறகு கேப்டன் ஆனான். உடம்பு கெட்டு ஊர் திரும்பினான். அதற்கப்புறம் அவனைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். கடைசிப் பக்கத்தில் பேனாவை அழுத்தி எழுதியிருந்தது இதுதான்: "போராடியவர்களைச் சுட்டதற்குக் கொடுத்த கூலியை நம் வீட்டுப் பெண்கள் கையில் கட்டிக்கொண்டிருக்கிறோம்."

அதே கோபத்தில்தான் இந்தக் கார்டையும் எழுதியிருக்கிறாய், ஏன் என்று எனக்குப் புரிகிறது. இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் உட்கார்ந்தவர்களை அடித்தார்கள், சுட்டார்கள். உன் பக்கத்தில் நின்ற பையனின் மண்டை உடைந்தது. உன் முதுகிலும் லத்தி விழுந்தது. நீ அதை எனக்குச் சொல்லவில்லை. லாக்கப்பிலிருந்து உன்னை அழைத்து வந்த உன் மாமன் சொன்னார். நீ கேட்டது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நம் பக்கத்தில் படித்துவிட்டுக் கரும்பு வெட்டப் போகிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். நீ அவர்களுக்காக நின்றாய். உன் அப்பன் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் பதக்கம் என்றால் என்ன என்பது உன்னைவிட எனக்குக் கொஞ்சம் தெரியும். என்னிடமும் மூன்று இருக்கின்றன. பாகிஸ்தான் சண்டைக்குக் கொடுத்தது நான் சப்ளை கம்பெனியில் லாரி ஓட்டியதற்கு. லாரியில் இருந்தது வெங்காயமும் உருளைக்கிழங்கும். சண்டைப் பதக்கம் என்பது வீரத்துக்குக் கொடுப்பதில்லை, தம்பி. அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தாய் என்பதற்குக் கொடுப்பது. பெரிய சண்டையில் இருந்திருந்தால் ரிப்பன் கோக்கிற வளைவின்மேல் அந்த ஊர்ப் பெயர் போட்ட வெள்ளிப் பட்டை ஒன்று சேர்த்துக் கொடுப்பார்கள். நம் அம்மனுக்கு வளைவு இருக்கிறது, பட்டை இல்லை. அந்த லெப்டினன்ட், பெயர் பெற்ற எந்தச் சண்டையிலும் இல்லாமல், பின்னால் எங்கோ மாட்டு வண்டிகளையும் மாவு மூட்டைகளையும் ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். பட்டை விழுந்து தொலைந்தும் இருக்கலாம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த வருஷங்களில் வடக்கே ஊர் ஊராகக் கொளுத்தியதும் மரத்தில் தொங்கவிட்டதும் எனக்கும் தெரியும். அவர் கை சுத்தம் என்று சாட்சி சொல்ல நான் வரவில்லை. நீ எட்டுப் பக்கமும் அவன் இவன் என்று எழுதியிருந்தாய். நானும் அப்படி எழுதிப் பார்த்தேன், வரவில்லை. லெப்டினன்ட் என்றாலே விறைத்து நிற்கிற உடம்பு இது. உயர்வுக்குக் காத்திருந்து நரைத்தவர் என்று நீ எழுதிய இடத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது, என்ன செய்வது.

அது பதக்கம் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ பிறந்தபோதே எனக்குத் தெரியும். நீ பிறந்த அன்று நான் பஞ்சாபில் இருந்தேன். தந்தி கைக்கு வந்தபோது உனக்குத் தொப்புள்கொடியே விழுந்திருக்கும். லீவு கேட்டேன், சண்டை நேரம், யார் கொடுப்பார்கள்? எனக்கு லீவு கிடைத்து ஊருக்கு வந்தபோது நீ குப்புற விழுந்து நீந்திக்கொண்டிருந்தாய். அதுவரைக்கும் உன் அம்மா அந்தக் கயிற்றை அவிழ்க்காமல் கையில் வைத்திருந்தாள். அதோடுதான் களை எடுத்தாள், நெல் அவித்தாள், உன்னைக் குளிப்பாட்டினாள். கயிறு கறுத்து, வெள்ளி பட்ட இடத்தில் தோல் புண்ணாகி ஆறி மறுபடி புண்ணாகியிருந்தது. இன்னும் அவள் இடது கையில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறதே, சூடு பட்டது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறாளே, அது இதுதான். "அவுத்து வெச்சிருக்கலாமே" என்று கேட்டேன். "நீ வராம எப்டி அவுக்கிறது? அவுத்துட்டா நீ வரமாட்டியோன்னு இருந்துச்சி" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன்.

அப்போதுதான் விளிம்பைப் பார்த்தேன். எங்கள் சுபேதார் சாப் தன் பழைய பதக்கங்களைத் துடைக்கும்போது, விளிம்பில் அவர் பெயர் வெட்டியிருப்பதைக் காட்டியிருக்கிறார். அதே மாதிரி எழுத்து. எழுத்துக் கூட்டிப் படித்து, "இது அம்மன் இல்லடி, யாரோ ஒரு தொரையோட மெடலு. பேரு போட்டிருக்குது பாரு, டார்ன்வெல்னு" என்றேன்.

உன் அம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்சம்கூட அசராமல் கேட்டாள். "தரணிவேலா? நம்ம பக்கத்துப் பேராட்டம் கீதே."

"தரணிவேல் இல்ல. வெள்ளைக்காரன்."

"யாரா இருந்தா இன்னா? கோயிலுக்கு மணி வாங்கிக் குடுத்தா மணியில பேரு வெட்றாங்க இல்ல? ஒன் தங்கச்சி கண்ணாலத்துக்குக் குடுத்த கொடத்துல ஒன் பேரு வெட்டிதானே குடுத்தே? கொடம் ஒன்னுதுன்னா அர்த்தம்? குடுத்தது நீ, அவ்ளோதான். இதுவும் உபயம். தரணிவேல் தொரை உபயம்."

அவள் சொன்னதைப் பிறகு பல நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரர்கள் ஊரில் ஒரு பொருளில் ஒருவன் பெயர் வெட்டியிருந்தால் அது அவனுடையது. நம் ஊரில் பெயர் வெட்டியிருந்தால் அவன் அதைக் கொடுத்துவிட்டான். உன் எட்டுப் பக்கத்துக்கும் உன் அம்மாவின் பேச்சுக்கும் இடையில் இருப்பது அந்த வித்தியாசம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் உண்மையிலேயே கொடுத்தாரா என்று நீ கேட்பாய். நம் வீட்டில் சொல்லும் கதை உனக்குத் தெரியும். துரை கல்வராயன் மலைக்குப் பாதை பார்க்கப் போய்க் காய்ச்சலில் விழுந்தார், மலைக்காரர்கள் டோலி கட்டித் தூக்கி வந்து நம் மாட்டுக் கொட்டகையில் போட்டார்கள், நிறைமாதமாக இருந்த நம் வீட்டுப் பெண் ஒருத்தி அவருக்குக் கேழ்வரகுக் கஞ்சி ஊற்றினாள், போகும்போது கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். உன் பெரியப்பா வீட்டில் வேறு மாதிரி சொல்வார்கள். அவர் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டபோது அதிலிருந்து கழன்று விழுந்ததை நம் ஆட்கள் எடுத்து வைத்துக்கொண்டார்களாம். உன் பெரியப்பாவுக்கு நம் வகையறாமேல் இருக்கிற மரியாதை அப்படி. இரண்டில் எது நிஜம் என்று எனக்குத் தெரியாது. கஞ்சி ஊற்றியது மட்டும் இரண்டு கதையிலும் இருக்கிறது.

இப்போது வசந்தாவின் கதைக்கு வருகிறேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று நீ ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, கட்டினார்கள் என்று மட்டும் யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். வசந்தாவுக்கு அதைக் கட்டக்கூடாது என்று பிறகு நீ தனியாக எழுதிய கடிதத்தை நான் யாருக்கும் மறைக்கவில்லை. உன் அம்மாவையும் வசந்தாவையும் உட்காரவைத்து, ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். உன் அம்மாவுக்குக் கோபம், முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். வசந்தா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்: "அவுரு சொல்றது சரியாவே இருக்கட்டும் மாமா, படிச்சவரு. எனக்குப் பயமா கீதுங்க. அவுரும் பக்கத்துல இல்ல. வலி வந்தா அத்தையக் கட்டச் சொல்லுங்க." தாயில்லாப் பெண் கேட்கிறாள். நான் என்ன சொல்லட்டும்? உன் கொள்கையை எடுத்து அவள் கையில் கட்ட முடியுமா? சரியம்மா என்றேன்.

மறியல் மும்முரமாக இருந்த நாட்களில் ஒரு காலையில் வலி எடுத்தது. உன் அம்மா கட்டினாள். மருத்துவச்சி பார்த்துவிட்டு, பிள்ளை திரும்பிக் கிடக்கிறது, கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றாள். பஸ் கிடையாது. ஆலைக்குப் போக வழியில்லாமல் கரும்போடு நின்றுகொண்டிருந்த பக்கத்து வீட்டு டிராக்டரில் கரும்பை அப்படியே சரித்துத் தள்ளிவிட்டு, வைக்கோல் பரப்பி, அதன்மேல் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அவளைப் படுக்கவைத்தோம். நான் என் மூன்று பதக்கங்களையும் சட்டையில் குத்திக்கொண்டேன். வழியில் போலீஸ் நின்றால் பழைய பட்டாளத்துக்காரன் என்று விடுவார்கள் என்ற எண்ணம். உன் அம்மா அந்த நிலையிலும் என்னைப் பார்த்து, மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறாயா என்று கேட்டாள்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் மறியலுக்காக வெட்டிப் போட்ட முதல் மரம் குறுக்கே கிடந்தது. நம் பிள்ளைகள்தான், உன்னைவிடச் சின்னவர்கள். "வண்டி வுடக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க மாமா" என்று ஒருவன் வந்து நின்றான். நான் பேச வாயைத் திறப்பதற்குள் வண்டிக்குப் பின்னால் போனவன் வசந்தாவின் கையைப் பார்த்துவிட்டான். "டேய், சிங்கத்தம்மன் கட்டிக்கினு கீறாங்கடா. எங்கம்மாவுக்குக் கட்னதுடா அது. நவுத்துங்கடா" என்றான். டிராக்டரில் சங்கிலி போட்டு இழுத்து மரத்தைத் திருப்பினார்கள். வெட்டிய கையாலேயே இழுத்தார்கள். எங்களோடு ஐந்தாறு பேர் முன்னால் சைக்கிளில் வந்து, அடுத்தடுத்த மரங்களில் இருந்தவர்களிடம் அவர்களே சொல்லி வழி வாங்கினார்கள்.

கள்ளக்குறிச்சிக்கு முன்னால் ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. எந்தச் சங்கிலிக்கும் அது அசையாது. அந்தப் பக்கம் போலீஸ் வேன் நின்றது, இந்தப் பக்கம் இவர்கள். ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலோடு அவளைத் தூக்கிக் கிளைகளுக்கு மேலே இவர்கள் கொடுத்தார்கள், அவர்கள் வாங்கினார்கள். வேனில் ஏற்றும்போது வயசான ஏட்டு ஒருவர் அவள் கையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எந்த ஊரு அம்மன்ங்க இது?" என்று என்னைத்தான் கேட்டார். என் சட்டையில் தொங்கிய மூன்றையும் அவர் பார்க்கவே இல்லை. நான் விளிம்பையும் சொல்லவில்லை, விக்டோரியாவையும் சொல்லவில்லை. எங்க வூட்டு அம்மன்ங்க என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். டாக்டரம்மா வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேரும் இல்லை என்றார்.

அம்மன் காப்பாற்றினாள் என்று உன் அம்மா சொல்வாள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். டாக்டரம்மா காப்பாற்றினார், டிராக்டர் காப்பாற்றியது, உன்னைப் போலவே ரோட்டில் உட்கார்ந்த பிள்ளைகள் காப்பாற்றினார்கள். நீ கோபப்படுகிற அந்தத் துண்டு வெள்ளி செய்ததெல்லாம், இவள் யார், எதற்காகப் போகிறாள் என்று வாய் திறக்காமல் எல்லோருக்கும் சொன்னது மட்டும்தான். போராடியவர்களை அடக்கியதற்குக் கொடுத்த பதக்கத்துக்குப் போராட்டக்காரர்களே வழிவிட்டார்கள். உன் துரை இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொள்கிறேன்.

நீ எழுதியதை நான் தப்பு என்று சொல்லவில்லை. அது யாருடையது, எதற்காகக் கொடுத்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. உன் மகளுக்கும் ஒருநாள் நீயே உட்கார்ந்து சொல்லிக்கொடு, பர்மா, வடக்கு, எல்லாம். ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு பொருளின் பிறப்பைத் தெரிந்துகொண்டவன் அதன் வாழ்க்கையையும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் சட்டையில் அது இருந்தது சில வருஷம். நம் பெண்கள் கையில் இருந்தது நூறு வருஷத்துக்கு மேல். நீ அந்தச் சில வருஷத்தை மட்டும் படித்திருக்கிறாய்.

உன் கார்டுக்குப் பதில் இதுதான். அதைக் கழற்றிவிட்டு எழுதச் சொன்னாய். முடியாது. உன் அம்மா தொடமாட்டாள், நான் தொடக்கூடாது. வசந்தாவிடம் கார்டைப் படித்துக் காட்டினேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "கழட்டிட்டா வரேன்றாரு. வந்தாதாங்க கழட்ட முடியும். நீங்களே சொல்லுங்க மாமா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண் நிறைந்திருந்தது. குழந்தை பால் குடிக்கும்போது அந்த வெள்ளியைத்தான் விரலால் பிடித்துக்கொள்கிறது. கயிறு கறுக்க ஆரம்பித்துவிட்டது. உன் அம்மா குழந்தையைத் தரணி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள், பெயர் வைக்க நீ வரும்வரை பொறு என்று சொல்லியிருக்கிறேன்.

அவிழ்த்துச் சாமி மாடத்தில் வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கோமுகி அணையில் எறிவதானால் எறி, மியூசியத்துக்குக் கொடுப்பதானால் கொடு, நான் குறுக்கே நிற்கமாட்டேன். உன் அம்மாவைச் சமாளிப்பது என் பாடு. ஆனால் எறிவதற்கும் முதலில் அவிழ்க்க வேண்டும், அவிழ்ப்பது உன் கை. எனக்கு அன்றைக்கு லீவு இல்லை, நடுவில் ஒரு சண்டை இருந்தது. உன் அம்மா கையில் அந்தத் தழும்பை இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னொன்றை வசந்தா கையில் பார்க்க எனக்கு மனசில்லை.

டவுன் பஸ் மறுபடி ஓடுகிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து நம் வீடு வரைக்கும் நேற்று நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ரோட்டில் குறுக்கே ஒரு மரமும் இல்லை.

அப்பா